நோ சூனர் வாத்தியார்

ஆடியில் சூரியகாந்தி பார்க்க சுந்தரபாண்டியபுரம் வருகிறவர்கள், 'அந்நியன்' படத்துக்காக வண்ணம் பூசிய பாறையையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். டீக்கடை பெஞ்சில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரைக் கவனிக்க மாட்டார்கள். அவர் கவனித்துவிடுவார்.

தென்காசிப் பக்கம் ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் தேறுவார்: சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா, கக்கத்தில் சிவப்பு அட்டை ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். சென்னைப் பெண் ஒருத்தி போனில், "ஐ நெவர் ஹேவ் சீன்..." என்று தொடங்கினால் போதும். "நெவர் ஹேவ் ஐ சீன்!" என்று பெஞ்சு முழங்கும். 'ஐ ஹேவ் நெவர் சீன்' என்பதும் சரிதான், அவருக்கே தெரியும். ஆனால் அதில் கெத்து இல்லையாம்.

நெவர், செல்டம், ஹார்ட்லி, நோ சூனர் போன்ற 'இல்லை' ஜாதி வினையடைகள் வாக்கியத்தின் தலையில் ஏறினால், துணைவினை எழுவாயை முந்திக்கொள்ளும். பெரிய மாமா பந்தியில் உட்கார்ந்ததும் மருமகன் எழுந்து நிற்பதைப்போல. பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். ஜெர்மன்காரர்கள் இன்றும் அப்படித்தான். ஆங்கிலேயர்கள் அதில் மிச்சம் வைத்ததை நம் பிளஸ் டூ வினாத்தாள் 'நோ சூனர்' என்று பிடித்துக்கொண்டது. வாத்தியார் வினாத்தாளைப் பிடித்துக்கொண்டார். தமிழில் இந்த இடைஞ்சலே கிடையாது. 'ஒருநாளும்' என்பதை எங்கே வைத்தாலும் வினை அசையாது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாலும் தப்ப முடியாது. மெயினருவியில் வெள்ளம், போலீஸ் தடை. ஊரே துண்டோடு வாடி நிற்க, இவர் மட்டும் மலர்ந்து, "ஹார்ட்லி ஹேட் வி ரீச்டு தி பால்ஸ் வென் தி போலீஸ் ஸ்டாப்டு அஸ்" என்பார். குளித்திருந்தால் இந்த வாக்கியம் கிடைத்திருக்குமா?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன் மாட்டினால் பாடம் நீளும். "ஏல, பஸ் வந்தா 'ஹியர் கம்ஸ் தி பஸ்'. பஸ்ஸை 'இட்'டுன்னு சொன்னா 'ஹியர் இட் கம்ஸ்'. புரியுதா?"

"புரியுது சார், பஸ் போயிட்டு."

"போனா போவுது. 'இன் நோ டைம்'னு ஆரம்பிச்சா வரிசை மாறாது, ஏன்னா பஸ் சீக்கிரம் வந்துட்டு. 'அட் நோ டைம்'னு ஆரம்பிச்சா 'டிட் தி பஸ் கம்'னு புரளும், ஏன்னா வரவே இல்லை."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "சார்வாள், இதுல நம்ம ஊரு பஸ்ஸு எந்த நோ டைம்?"

"ரெண்டாவது" என்றார் வாத்தியார், யோசிக்காமல்.