நாலாவது ஆசனத்தார்

மும்பை மின்சார ரயிலின் நெரிசலைக் குறிக்க ரயில்வே அதிகாரிகள் ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோட்’ என்றொரு பதத்தைக் கையாண்டு வருகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்பது என்பது அதன் தாத்பரியம். சுமாரான சரீரமுள்ள ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவதற்கு வேண்டிய இடம் அது. அதிலே 16 பேர் எவ்வாறு நிற்பார்கள் என்று கணித சாஸ்திரம் கற்றவர்கள் ஐயுறலாமேயொழிய, டோம்பிவிலியில் குடியிருந்துகொண்டு தினந்தோறும் வி.டி. ரயில் நிலையம் வரை உத்தியோகத்துக்குப் போய் வருகிற நம் நாலாவது ஆசனத்தாருக்கு அத்தகைய ஐயம் ஒருபோதும் எழுந்ததில்லை.

அந்த வண்டிகளில் பலகை ஒன்றுக்கு மூன்று பேர் என்பதே ஏற்பாடு. ஆனால் ஓரத்தில் நாலாவது மனிதர் ஒருவர் ஒட்டிக்கொள்ளலாம் என்பது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாமல், சட்டத்தைவிட ஒழுங்காக அனுஷ்டிக்கப்பட்டு வரும் சம்பிரதாயம். ‘சௌத்தி சீட்’ என்று அதற்குப் பெயர். இந்த உரிமையைக் கோருவதற்கு அவர் வாய் திறப்பதில்லை. ஓரத்தில் இருப்பவரின் தோளில் விரலால் இலேசாக ஒரு தட்டு, பிறகு காற்றை ஒரு பக்கமாக ஒதுக்குவது போன்ற ஓர் அபிநயம், அவ்வளவுதான். மூவரும் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். ஊசிமுனை நிலமும் தர இயலாதென்ற துரியோதனனை ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு இந்த வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தால் குருக்ஷேத்திரத்துக்கு அவசியமே நேர்ந்திராது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இப்படிச் சம்பாதித்த ஆசனத்தில் அவருடைய தேகத்தில் பாதிக்குத்தான் இடம் உண்டு. மறு பாதியை நடைவழியில் ஊன்றிய வலது காலே தாங்க வேண்டும். எதிர்ப் பலகையிலும் ஒரு நாலாவது ஆசனத்தார் இருப்பாராகையால், இருவர் முழங்கால்களும் பின்னிக்கொண்டு எது யாருடையது என்ற விவகாரம் சில சமயம் எழும். அந்த நிலையிலும் பத்திரிகையை எட்டாக மடித்து ஒரு கையாலேயே பக்கம் புரட்டுவார். காட்கோபரில் ஒருவர் இறங்கினால் இவர் மூன்றாமவராக உயர்வார். காரியாலயத்தில் பல வருஷங்களாகக் கிட்டாத பதவி உயர்வு இங்கே அநேகமாகத் தினந்தோறும் கிட்டிவிடுகிறது.

ஆசனங்களுக்கு வாரிசு முறையும் உண்டு. நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் அது வாய்மொழி உயிலாகிவிடும். பிற்பாடு வேறொருவர் உரிமை கொண்டாட வந்தால் சுற்றி நிற்பவர்கள் தாமாகவே சாட்சி சொல்வார்கள். எதிர்த்திசை வண்டியில் ஏறிக் கல்யாண் வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்தே ஜன்னலோரம் பிடித்து வருகிறவர்களை மட்டும் நம்மவருக்குக் கட்டோடு பிடிக்காது. அதை அவர் ஏறக்குறைய ஆள்மாறாட்டக் குற்றமாகவே கருதுகிறார். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு அவர் தவறாமல் செய்யும் உபதேசம் ஒன்று உண்டு: “தாதர்ல இறங்கணும்னா குர்லா தாண்டினதுமே வாசலண்டை போய் நின்னுடுங்கோ, சார். அதுக்கப்புறம் காலை அசைக்கவே வேண்டாம். இறங்கவேண்டாம்னா அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்கோ!”

1853 ஏப்ரல் 16-ம் தேதி போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய நாட்டின் முதல் பிரயாணி ரயிலில் 14 பெட்டிகளில் சுமார் 400 பேர் போனார்கள் என்று அவரிடம் ஒரு முறை சொன்னேன். சற்று யோசித்தார். “அவ்வளவு பேரையும் ஒரே பெட்டியிலே அடைச்சிருக்கலாமே, மீதிப் பதிமூணு எதுக்கு?” என்றார்.

2017 டிசம்பரில் குளிர்சாதன லோகல் ஓடத் தொடங்கியது. சில காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வற்புறுத்தலால் அதில் போய் வந்த நம்மவர், மறுநாள் என்னிடம் மிகுந்த மனஸ்தாபத்துடன் பேசினார்.

“டிக்கெட்டுக்கு அத்தனை காசை வாங்கிண்டு, மூணு பேர் பலகையிலே மூணே பேர் உட்கார்ந்திருக்கா, சார். நான் போய் நின்னு கையைக் காட்டறேன். ஏதோ கீழே விழுந்துடுத்தாக்கும்னு குனிஞ்சு தேடறா!”