நாற்காலியில் வந்த சிங்கம்

கே: அடிமை முறையை எதிர்த்துப் போராடிய அமெரிக்க அரசியல்வாதி என்றால் லிங்கன் ஒருவர்தானா?

ப: லிங்கன் நடந்த பாதையில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு, அதுவும் பிறவியிலேயே வளைந்த பாதத்தோடு! பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1792-ல் வெர்மான்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பென்சில்வேனியாவில் வக்கீலானவர். 1835-ல் இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்யத் துடித்த மாநில சட்டமன்றத்தையே தன் பேச்சால் திருப்பினார். ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் செய்த இந்த ஒரு காரியமே போதும், கையெடுத்துக் கும்பிட.

உள்நாட்டுப் போரின்போது தென்னகப் படை அவருடைய இரும்பு ஆலையைக் கொளுத்தியது. மனிதர் அசையவில்லை. விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டார். நாடாளுமன்றம் கைவிரித்தது. அன்று கொடுத்திருந்தால் அமெரிக்காவின் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும் என்பேன்.

1868-ல் ஜனாதிபதி ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணைக்கு, நடக்க முடியாத ஸ்டீவன்ஸை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். “நீங்கள் போய்விட்டால் என்னை யாரப்பா தூக்குவது?” என்று தூக்கியவர்களிடம் கேட்டாராம்! ஒரே ஒரு ஓட்டில் ஜான்சன் தப்பினார். ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் காலமானார். நிறம் பார்க்காத சிறு கல்லறைத் தோட்டத்தையே தனக்கென்று தேர்ந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகும் அவருடைய தொகுதியான லான்காஸ்டரில் கட்சிக்காரர்கள் அவரையே நாடாளுமன்ற வேட்பாளராக அறிவித்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கே டிக்கெட் கிடைக்காத தொழில் அய்யா இது!