எங்கள் வீட்டுப் புள்ளிக் கணக்கு

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் கணக்கு அறிவு காரணம் இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் இந்த வீட்டில் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் நான் ஒருவன்தான். மனைவி சமையலில் இருப்பாள், அம்மா சீரியலில் இருப்பாள். அனந்தபுரம் பேரூராட்சியில் தெருவிளக்குப் போட்டதும் எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுகள் என் மடியில் வந்து விழும். சின்னவள் ஐந்தாம் வகுப்பு, பின்னம். பெரியவன் ஏழாம் வகுப்பு, தசமம். நடுவில் நான்.

பின்னம் என்றால் எனக்குப் பயம் கிடையாது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து கால் கிலோ புளி, அரை லிட்டர் பால், முக்கால் இஞ்சு பைப்பு என்று பின்னத்திலேயே புழங்குகிறவனுக்கு என்ன பயம்? ஆனால் கடையில் வாயால் சொல்கிற கால் வேறு, நோட்டில் மேலே ஒன்றும் கீழே நாலும் நடுவில் கோடுமாக நிற்கிற கால் வேறு. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றாள் சின்னவள். எனக்குத் தெரிந்த ஒரே தொகுதி செஞ்சித் தொகுதிதான். அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, உள்ளூர் உதாரணமாகவே போவோம் என்று கோட்டையைப் பிடித்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். “ஆக, நம்ம கோட்டை பன்னிரண்டில் ஒரு பங்கு. புரிஞ்சுதா?” புரிந்ததாகத்தான் தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள்: “ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை சேர்ந்ததுதானேப்பா நம்ம கோட்டை? அப்போ ராஜகிரி மட்டும் எவ்ளோ?” நான் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தேன். “அதையெல்லாம் தனியாப் பிரிக்கக் கூடாதும்மா, தொல்லியல் துறை கேஸ் போடும்” என்றேன். முப்பத்தாறில் ஒன்று என்று அவளே எழுதிக்கொண்டாள்.

கூட்டல் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மேலே இருக்கிறவர்கள் மேலே இருக்கிறவர்களோடும் கீழே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களோடும் சேருவதுதானே ஊர் வழக்கம்? சரி என்று டிக் அடிக்கப் போனேன். சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்துவிட்டது.

“டேய், அரைப்படி அரிசி போடுறே. அதும் மேலே இன்னும் கொஞ்சம் போடுறே. எப்பிடிடா அரைப்படிக்குக் கொறைவா வரும்?” என்றாள் அம்மா. ஐந்தில் இரண்டு என்பது அரைக்குக் குறைவு என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மீ.சி.ம. என்ற சொல்லையே அவள் கேட்டதில்லை. படியில் அளந்து பழகிய கைக்கு அது தெரிகிறது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரிவதில்லை. “ஆயாவே சொல்லித்தரட்டும்பா” என்று நோட்டு இடம் மாறியது.

அம்மாவின் அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். அந்த வாய்ப்பாடு துண்டு துண்டாக அம்மாவின் நாக்கில் இன்னும் இருக்கிறது. அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, இரண்டையும் கூட்டினால் மாகாணி. அதுவும் அதே பதினாறில் ஒன்றில் வந்து நிற்கும். அதற்கும் கீழே முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. எங்கள் வீட்டுப் பாயசத்தில் முந்திரி தென்படும் விகிதமும் ஏறக்குறைய அதுதான். முந்திரியோடும் நின்றார்களா என்றால் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை முந்திரிக்கும் கீழே ‘கீழ்’ என்று இன்னொரு படி இறங்கி அளந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், கல்லில். தப்பாக வெட்டினால் ரப்பர் போட்டு அழிக்கவும் முடியாது.

ஆயாவிடம் பேத்தி தேறிவிட்டாள். நான் பெரியவன் பக்கம் திரும்பினேன். அங்கேதான் புள்ளி காத்துக்கொண்டிருந்தது.

0.25 பெரிசா, 0.5 பெரிசா? “இருபத்தஞ்சுதான்பா பெரிசு.” அவனை எதற்குத் திட்டுவது? அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் மூன்று நாட்டுப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் நீளமாக இருக்கும் எண்தான் பெரிசு என்று நினைக்கும் பிள்ளைகள் மூன்று ஊரிலும் இருந்தார்கள். இந்த விஷயத்தில் பாரிஸ் பையனும் அனந்தபுரம் பையனும் ஒன்றுதான். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட நிம்மதியை அவன் மதிப்பெண் பட்டியல் பகிர்ந்துகொள்ளவில்லை.

ரூபாய் பைசாவாகச் சொல்லிப் பார்த்தேன். “மூணு புள்ளி அஞ்சு ரூபாய்னா எவ்ளோ?” “மூணு ரூபா அஞ்சு பைசா.” பைசாவைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை, நாலணாவையும் அதற்குக் கீழே உள்ள காசுகளையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது என்று முடித்துவிட்டார்கள். “நாலணாவுக்குப் பெறாதவன்” என்று அம்மா என்னைத் திட்டுவது மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

அம்மாவுக்கு இந்தப் புள்ளியோடு பழைய பகை வேறு உண்டு. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்குப் பதினாறணா போய் நூறு நயா பைசா வந்தபோது அவள் சின்னப் பெண். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது என்று சர்க்கார் பட்டியல் போட்டது. மூன்றணாவை ஒன்றாகக் கொடுத்தால் பத்தொன்பது. ஒவ்வோர் அணாவாக மூன்று தடவை கொடுத்தால் பதினெட்டுத்தான். அந்த ஒரு காசு எங்கே போயிற்று என்று எண்சுவடி படித்த என் தாத்தா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

காசு வேண்டாம், கிரிக்கெட்டுக்கு வா என்றான் மகன். அவனுக்குத் தெரிந்த தசமம் அதுதான். 4.5-க்கு அடுத்தது என்ன? “5 தான்பா. 4.6னு ஓவரே கிடையாது.” யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. அந்தப் புள்ளி ஆறுக்கு ஆறாக நகர்கிற புள்ளி. பஸ் 3.30-க்கு என்றால் அது அறுபதுக்கு அறுபதாக நகர்கிற புள்ளி. ஆள் உயரம் 5.4 என்றால் அது அடியும் அங்குலமும், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பத்துக்குப் பத்தாக நகர்கிற புள்ளி இந்த ஊரிலேயே அவன் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெருவெல்லாம் ஒரே சட்டை போட்ட நாலு பேரை அலையவிட்டு, இதில் யார் திருடன் என்று பிள்ளையைக் கேட்டால் அது என்ன செய்யும்?

இதில் எனக்கு ஒரே ஒரு லாபம் உண்டு. புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பாடத்தில் போட்டிருக்கிறது. என் மைத்துனர் உயரம் 5.10. பூஜ்யத்தை எடுத்தால் 5.1. என் உயரம் 5.4. ஆகப் பாடப் புத்தகத்தின்படி அவர் என்னைவிடக் குள்ளம். இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். “இன்னாங்க, எங்க அண்ணன் பேச்சு அங்க எதுக்கு?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. என் மனைவிக்குத் தசமம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நகைக்கடைத் தராசில் மூன்றாவது இடத்தில் ஓர் எண் குறைந்தால் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டாள்.

தசமத்தை ஐரோப்பாவில் பரப்பியவர் சைமன் ஸ்டெவின் என்பவர். 1585-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நில அளவைக்காரர், வியாபாரி எல்லோருக்கும் இனிமேல் பின்னத் தொல்லை இல்லை என்று சொல்லிப் போட்டார். ஆனால் அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் வட்டத்துக்குள் ஓர் எண் போட்டார். ஜெர்மனிக்காரர்கள் இன்றைக்கும் புள்ளிக்குப் பதில் கமாதான் போடுகிறார்கள். புள்ளிதான் வேண்டும் என்று நம் தலையெழுத்து.

இந்த ஞானத்தோடுதான் பரணுக்குப் பலகை அடிக்க ஆசாரியைக் கூப்பிட்டேன். பதினோரு அடியை இரண்டாக வகுத்து, கால்குலேட்டர் காட்டியபடி 5.5 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அறுத்த பலகையைத் தூக்கி வைத்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது. ஆசாரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார், டேப்பை இழுத்தார். “அஞ்சடி அஞ்சங்குலம். சீட்டுல இருக்கிறபடி கரெக்டா இருக்குது சார்.”

“அஞ்சரை அடிங்க அது.”

“அஞ்சரைன்னா அஞ்சடி ஆறங்குலம் இல்ல? எட்டு நூல் கொறையுதே. அஞ்சரைன்னு வாயில சொல்லியிருக்கலாமே சார்.”

அங்குலத்துக்கு எட்டு நூல். அரை அங்குலம் என்றால் நாலு நூல், கால் அங்குலம் இரண்டு நூல். பள்ளிக்கூடத்தில் எட்டில் மூன்று என்று எழுதிப் பிள்ளைகள் முழிப்பதை இவர் மூணு நூல் என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டு போகிறார். எட்டு நூல் இடைவெளிக்கு ஒரு ரீப்பர் அடித்தோம். அதற்குத் தனிக் கூலி.

பகுதி பெரிசானால் பங்கு சின்னதாகும் என்பதை மட்டும் நான் யாரிடமும் பாடம் கேட்கவேண்டி வரவில்லை. 1980களில் அமெரிக்காவில் ஏ அண்ட் டபிள்யூ என்ற கடைக்காரர்கள் மெக்டொனால்ட்ஸின் கால் பவுண்டு பர்கருக்குப் போட்டியாக, அதே விலையில் மூன்றில் ஒரு பங்கு பவுண்டு பர்கர் போட்டார்கள். போணியாகவில்லை. நாலைவிட மூணு சின்னது, குறைச்சலான கறிக்கு எதற்கு அதே காசு என்று ஜனங்கள் கேட்டதாக அந்தக் கம்பெனி முதலாளியே பின்னால் எழுதினார். அவர்கள் வீடுகளில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருந்தால் இந்த ஏமாற்றம் வந்திருக்காது.

எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவின் அப்பா சொத்து ஒரு காணி. எங்கள் பக்கத்தில் காணி என்றால் 132 சென்ட். மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்ததில் அப்பா பங்கு 44 சென்ட். அப்பா காலமானபின் அண்ணன், நான், தம்பி மூவரும் உட்கார்ந்தோம். 44-ஐ மூன்றால் வகுக்கச் சொல்லி மகனிடம் நோட்டைக் கொடுத்தேன், படிப்பும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று. 14.6 போட்டான், 14.66 போட்டான், ஆறு ஆறாகப் போட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான். “நிக்கவே மாட்டேங்குதுப்பா.” கடைசி ஆறு யாருக்கு என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்ப்பேச்சு முற்றியது. பட்டாவைப் பார்த்தாலாவது தெளியும் என்று எடுத்தேன். 0.17.80 என்று இருந்தது. ஹெக்டேர் ஒரு புள்ளி, ஏர் ஒரு புள்ளி. “ஒரே எண்ணுல ரெண்டு புள்ளியா? எங்க சார் தப்புன்னு போடுவாருப்பா” என்றான் மகன். அவன் அப்பனுக்கு ஒரு புள்ளியே தாங்காது.

அப்போதுதான் சின்னவள் கேட்டாள், “அத்தை பேரை ஏம்பா எழுதலை?”

மூன்று ஆண்களும் கூரையைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்பிள்ளைக்குச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் கொண்டுவந்தாயிற்று, 2005-ல் நாடு முழுக்க அதுவே சட்டம். அம்மா சீரியலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அம்மா தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருந்ததே பிள்ளைகள் நாலு பேரும் ஒழுங்காகப் பிரித்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையில்தான். நாலு பேர், மூணு பேர் இல்லை.

44-ஐ நாலால் வகுத்தோம். ஆளுக்குப் பதினோரு சென்ட். அண்ணன் கையெழுத்துப் போட்டார், தம்பி போட்டான், தங்கை வந்து போட்டாள், நானும் போட்டேன். கணக்கில் எங்கேயும் புள்ளி வரவில்லை.