குழாய்க்கு வந்த வாழ்வு

நான் சிறுவனாக இருந்தபோது பாளையங்கோட்டையில் குழாய் என்றால் ஒரே குழாய்தான்: ஜி.ஐ. பைப். இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. அரை இஞ்சா, முக்கால் இஞ்சா என்பதற்கு மேல் கடைக்காரர் கேட்க ஒன்றும் இருக்காது. அதை மாட்ட வரும் அண்ணாச்சிக்குப் பயில்வான் உடம்பு. பைப்பை வைஸில் இறுக்கி, டை செட்டை மாட்டி, எண்ணெய் விட்டு விட்டு மரை வெட்டுவார். மரையில் சணலைச் சுற்றி, வொயிட் லெட் என்கிற வெள்ளை ஈயப் பசையைத் தடவி, பைப் ரெஞ்சால் ஒரு முறுக்கு முறுக்கினால் பேரன் காலம் வரை கழலாது. கழற்றியே தீரவேண்டும் என்றாலும் கழலாது.

வருடங்கள் போகப் போக உள்ளே துரு ஏறி, முக்கால் இஞ்சு குழாய் கால் இஞ்சாகச் சுருங்கும். காலையில் முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். “இரும்புச் சத்து உடம்புக்கு நல்லதுதானே” என்பார் பக்கத்து வீட்டுத் தாத்தா. ஈயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. அந்தக் காலத்துத் தண்ணீர் ருசியே தனி என்று இன்றைக்கு உருகுகிறவர்கள், அந்த ருசியில் என்னென்ன சேர்ந்திருந்தது என்று கேட்டுக்கொள்வதில்லை.

இப்போது ஹார்டுவேர் கடையில் ஜவுளிக்கடை மாதிரி ரகம் ரகமாக எடுத்துப் போடுகிறார்கள். சாம்பல் நிறத்தில் பி.வி.சி., வெள்ளையில் யு.பி.வி.சி., கிரீம் கலரில் சி.பி.வி.சி., பச்சையில் பி.பி.ஆர்., சுருள் சுருளாகக் கறுப்பு எச்.டி.பி.இ.

“அண்ணாச்சி, பச்சத்தண்ணிக்கா, சுடுதண்ணிக்கா?” என்கிறான் கடைப் பையன்.

சரியான கேள்வி. சாதா பி.வி.சி. 60 டிகிரியைத் தாண்டினால் வளைந்து தொங்கும். அதே பிளாஸ்டிக்கில் இன்னும் கொஞ்சம் குளோரினை ஏற்றினால் சி.பி.வி.சி.; 93 டிகிரி வரை தாங்கும். கீஸருக்கு அதுதான். அந்தக் குளோரின் கிடைப்பது உப்பிலிருந்து. தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்தில் பி.வி.சி., சி.பி.வி.சி. இரண்டுக்கும் மூலப்பொருள் தயாராகிறது. தின்றது போக மிச்ச உப்பில் குழாயும் போட்டுக்கொள்கிறோம்.

இன்றைக்கு வேலைக்கு வருகிற தம்பி ஒல்லி. ஹேக்ஸா பிளேடும் ஒரு சின்ன டப்பாவும் போதும் அவருக்கு. டப்பாவில் இருப்பது வெறும் பசை அல்ல. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும் சால்வெண்ட். தடவு, செருகு, கால் சுற்றுத் திருப்பு, அரை நிமிடம் பிடி: முடிந்தது. ஆனால் சி.பி.வி.சி.க்கு அதற்கென்று விற்கும் டப்பாதான் ஆகும். பி.வி.சி. டப்பாவில் மிச்சம் கிடக்கிறதே என்று தடவினால், சுடுதண்ணீர் ஓட ஓட ஜாயிண்ட் விட்டுப்போகும்.

உள்ளே இருப்பவை டெட்ராஹைட்ரோபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன். பெயர் நாக்கில் நுழையாது. ஆவி மூக்கில் நன்றாக நுழையும். சட்டென்று தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். ஜன்னல் திறக்காத பாத்ரூமிலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் தலை சுற்ற வைக்கும். தம்பி அதைத் திறந்தபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு, களைப்புத் தீர ஒரு பீடியைப் பற்ற வைக்கிறார்.

கப்ளர் காசை மிச்சம் பிடிக்க இன்னொரு வித்தையும் உண்டு. பேப்பரைக் கொளுத்தி, அதில் பி.வி.சி. முனையைக் காட்டி இளக்கி, அடுத்த பைப்பை உள்ளே திணிப்பது. கருகினால் கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தில் பட்டால் அது அமிலம். நுரையீரலில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. லீக் பார்க்கக் கம்ப்ரஸரில் காற்றடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரை ஏற்றிப் பார்க்கையில் விரிசல் விட்டால் பீச்சி அடிக்கும், அவ்வளவுதான். காற்றை ஏற்றி வெடித்தால் பைப் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

ஈயமாவது ஒழிந்ததா என்றால், வார்க்கும் சூட்டில் பி.வி.சி. சிதையாமலிருக்க அதிலும் ஈயச் சேர்மம் கலந்துவந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது 2021-ல். தாத்தா குடித்ததில் கொஞ்சம் நமக்கும் பாக்கி வைத்திருந்தார்கள்.

இவ்வளவையும் தாண்டிப் பழைய வீட்டில் புதுக் குழாய் போட்டு முடித்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்போதெல்லாம் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயிலேயே சுற்றிவிடுவது பல வீடுகளில் வழக்கம். இரும்பு மண்ணுக்குள் ஓடுவதால், கசியும் மின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். இடையில் ஒரு முழம் பிளாஸ்டிக் புகுந்தால் அந்த வழி அடைத்துப்போனது. வயர் மட்டும் கட்டின இடத்தில் லட்சணமாக இருக்கும். கீஸரில் கசிவு வந்தால், குழாயைத் திருகுகிற கைதான் எர்த்.

ஆகவே பைப் மாற்றும் எஸ்டிமேட்டில் தனி எர்த்துக்கும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் சேர்த்து ஒரு வரி எழுதிவிடுங்கள். டைல்ஸ் டிசைன் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு எழுதினாலும் சரிதான்.