கிரிகோரிக்கு ஒரு வார்த்தை

பிள்ளை யாருகிட்டயும் வாயே தொறக்க மாட்டேங்குதுன்னு எங்கிட்ட புலம்புதியே மருமவனே, நீ இருக்கது நியூயார்க்குல. பிள்ளைக குணத்தை எழுத்தும் கணக்குமா வச்சுப் படிச்ச ஊரு அது. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதியே!

1956-லேருந்து தாமஸ், செஸ்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு டாக்டருங்க, கைப்பிள்ளையில தொடங்கி வளந்து ஆளாகுத மட்டும் 133 பிள்ளைகளை விடாம கவனிச்சாங்க. லேசாப் பழகுதது, படுத்தி எடுக்குதது, மெல்லப் பழகுததுன்னு மூணு வகை. நூத்துக்கு 35 பிள்ளைக எதுலயும் அடங்கல. அதையும் மறைக்காம எழுதிட்டாங்க பாரு, அங்கதான் எனக்கு நம்பிக்கை விழுந்துச்சு. நம்மூர் சோசியக்காரன் ஒரு ஆளையாவது ராசியில சேராம விட்டிருக்கானா?

அந்த வழியில நியூயார்க் பல்கலைக்கழகத்து சாண்டி மெக்ளவுரி அம்மா கட்டுன பாடம் 'இன்சைட்ஸ்'. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, பத்து வாரம், நாலு பொம்மை. கண்டதும் ஒட்டிக்கிடுத பிரெடி. எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்காத ஹிலரி. எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்குத கிரிகோரி. புதுசா எதைக் கண்டாலும் ஒதுங்கி நிக்குத கோரெட்டா. உம் மக கோரெட்டா. நீ கிரிகோரி, சந்தேகம்னா உங்க அம்மாவைக் கேளு, சத்தியம் பண்ணுவா.

பொம்மை பிள்ளைகளுக்கு மட்டும்னு நெனச்சு நழுவாத. வாத்தியாரையும் பெத்தவங்களையும் சேத்து உக்கார வச்சுல்லா வகுப்பு எடுக்காங்க! கோரெட்டாவை அடிச்சுப் பிரெடியாக்குதது அங்க பாடம் இல்ல. அவ குணத்துக்கு ஏத்தாப்புல நீ நடந்துக்கிடணும், அவ தயங்குத எடத்துல கொஞ்சங்கொஞ்சமாக் கைகொடுக்கணும். பிள்ளையத் திருத்தக் கூட்டிட்டுப் போன அப்பனைத் திருத்தி அனுப்புத எடம் அது.

22 பள்ளிக்கூடத்துல சோதிச்சு 2014-ல எழுதியிருக்காங்க: இந்தப் பாடம் படிச்ச கூச்சப் பிள்ளைக கணக்குலயும் யோசிச்சுப் பதில் சொல்லுததுலயும், படிக்காத கூச்சப் பிள்ளைகளைவிட மேல வந்துச்சாம். கூச்சம் போச்சான்னு கேக்காத. கணக்கு வந்துச்சுல்லா?

வீடியோ கால் போட்டதும் 'தாத்தாவுக்கு ஹாய் சொல்லு'ன்னு பிடரியைப் பிடிச்சுத் தள்ளுதியே, அதை இன்னையோட நிறுத்து. போனை மேசையில சாத்தி வச்சுட்டு உன் சோலியப் பாரு. நான் வெத்தலையை மென்னுக்கிட்டு சும்மா இருப்பேன். அவளா வந்து எட்டிப் பாக்கட்டும். அது மட்டும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு கெடக்கணும், என் தலையெழுத்து.