பேய்ப்படத்தில் வடிவேலுவுக்கு என்ன வேலை?

‘நல்ல பேய்ப்படமா ஒண்ணு சொல்லுங்களேன்’ என்று கேட்பவர்கள் அதை ஏதோ மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டுவிடுகிறார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தால்தான் சங்கடம் தெரியும். ‘சந்திரமுகி’ (2005) என்று சொல்லலாம். பெரிய பங்களா, பூட்டிக் கிடக்கும் அறை, நள்ளிரவில் சலங்கைச் சத்தம் என்று பேய்ப்படத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதில் உண்டு. ஆனால் சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே, கேட்பவருக்கு முதலில் ஞாபகம் வருவது வடிவேலு பயந்து நடுங்கியதுதான். போதாக்குறைக்கு, கடைசியில் அது பேயே இல்லை, மனநோய் என்று ரஜினி விளக்கிவிடுகிறார். ஆக, பேய்ப்படம் கேட்டவருக்கு நாம் கொடுத்தது பேய் இல்லாத, மனநல மருத்துவர் வைத்தியம் பார்க்கிற, வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற ஒரு படம். அவர் ஏமாந்தாரா என்றால் அதுவும் இல்லை. மறுபடி பார்க்கிறார்.

தமிழ்ப் படத்தை வகை பிரித்துப் பரிந்துரைப்பது ஆகாத வேலை என்பது என் கட்சி. ஓடிடி செயலிகள் காதல், திகில், நகைச்சுவை, குடும்பம் என்று அடுக்கு அடுக்காகப் படங்களை வைக்கின்றன. அந்த அடுக்குகள் எல்லாம் தனி ஆள் தனி போனில் பார்ப்பதற்காக ஏற்பட்டவை. நம் படங்களோ, தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் கொட்டகைக்காக எடுக்கப்பட்டவை. தாத்தாவுக்கு ஒரு நீதி, பாட்டிக்கு ஒரு அழுகை, இளவட்டத்துக்குக் காதல், பையனுக்குச் சண்டை என்று எல்லார் இலையிலும் ஏதாவது விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் குடும்பத்தோடு வரமாட்டார்கள். என்.எஸ். கிருஷ்ணன் காலத்தில் அவரும் டி.ஏ. மதுரமும் வரும் நகைச்சுவைப் பகுதியைத் தனியாகவே எழுதி, தனியாகவே எடுத்து, படத்தில் சேர்ப்பது வழக்கம். கதாநாயகன் ஒரு படத்தில் இருப்பார், கலைவாணர் வேறொரு படத்தில் இருப்பார், டிக்கெட் மட்டும் ஒன்று. கவுண்டமணி, செந்தில் காலம் வரை இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அதனால்தான் இன்றைக்கும் நகைச்சுவை சேனல்கள் அந்த இருவரின் வாழைப்பழக் காட்சியை மட்டும் தனியாக உரித்து எடுத்து ஒளிபரப்ப முடிகிறது.

அறிவியல் புனைகதை வகையில் என்ன இருக்கிறது என்று மடக்குவார்கள். ‘கலை அரசி’ (1963) இருக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் கலத்தில் பூமிக்கு வருகிறார்கள். ஹாலிவுட்காரர்களாக இருந்தால் நகரங்களைப் பொசுக்குவார்கள். நம் ஆட்கள் வருவது பாட்டு வாத்தியார் தேடி! அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் அமோகமாக இருக்கிறது, இசைதான் இல்லை. ஆகவே பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதை எந்த அடுக்கில் வைப்பது? விண்வெளி, சங்கீதம், காதல், நம்பியார் என்று நாலு அடுக்கிலும் வைக்கலாம். நம்பியாரை ஒரு தனி வகையாகக் கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்படிக் கலந்துகட்டி எடுத்தால் எதுவுமே உருப்படியாக அமையாது, திகில் திகிலாக இருக்காது, சிரிப்பு சிரிப்பாக இருக்காது என்பது படித்தவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு. அவர்களுக்கு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) சிபாரிசு செய்கிறேன். அது முழுநீள நகைச்சுவைப் படம். அதில் படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ், அப்பா பாலையாவுக்கு ஒரு திகில் கதை சொல்கிறார். பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது. நாகேஷின் வாயும் பாலையாவின் முகமும் மட்டும்தான். தமிழில் மிகச் சிறந்த திகில் காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிரிப்புப் படத்துக்குள் இருப்பதால்தான் அது அவ்வளவு நன்றாகப் பயமுறுத்துகிறது. பாலையா உண்மையாகவே பயப்படாவிட்டால் நமக்குச் சிரிப்பு வராது. ‘திருவிளையாடல்’ (1965) பக்திப் படம். கடவுளே வந்து ஆடிப் பாடிச் சண்டை போடுகிற அந்தப் படத்தில், பரிசுக்கு ஆசைப்பட்டு மண்டபத்தில் புலம்பும் ஏழைப் புலவர் தருமிதான் ஊர் ஊராகக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் கதைவசனமாக முழங்கினார். பக்தி குறைந்துவிட்டதாக யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொரு கட்சி, அதெல்லாம் பழங்கதை, இப்போது பாட்டும் காதலும் இல்லாமல் சுத்தமான வகைப் படங்கள் வந்துவிட்டன என்கிறது. ‘கைதி’யை (2019) காட்டுகிறார்கள். நியாயம்தான், பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே இரவில் கதை முடிகிறது. ஆனால் இதில் ‘இப்போது’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. வீணை எஸ். பாலச்சந்தர் ‘அந்த நாள்’ எடுத்தது 1954-இல். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், யார் சுட்டது என்பதுதான் மிச்சப் படம். (அதை இங்கே சொல்ல மாட்டேன். எழுபது ஆண்டு ஆனாலும் தர்மம் தர்மம்தான்.) வழியைத் திறந்துவிட்டும், வெகுகாலம் அதிகம் பேர் அதில் நடக்கவில்லை. ‘குருதிப்புனல்’ (1995) போல அங்கொன்றும் இங்கொன்றும்தான் வந்தன. அப்புறம் அந்தக் ‘கைதி’யைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். லாரி உருள்கிறது, ஆட்கள் பறக்கிறார்கள், எல்லாம் எதற்காக? பிறந்ததிலிருந்து பார்க்காத மகளை ஒரு தகப்பன் பார்ப்பதற்காக. நடுவில் ஆற அமரப் பிரியாணி வேறு. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார், அவருக்கு அது குடும்பப் படம். பேரனுக்கு அடிதடிப் படம். டிக்கெட் பழையபடி ஒன்றுதான்.

ஆகவே, படம் கேட்பவரிடம் என்ன வகை என்று கேட்பதை விட்டுவிட்டு, யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பதே முறை. விருந்தாளிகள் நிறைந்த வீட்டுக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). நாலு கமல் இருப்பதால் ஆளுக்கு ஒருவரைப் பிரித்துக்கொள்ளலாம், கிரேசி மோகன் வசனத்தில் பாதி சிரிப்புச் சத்தத்தில் காதில் விழாது என்பதால் மறுநாளும் போடலாம். தனியாக இருப்பவருக்கு ‘உதிரிப்பூக்கள்’ (1979). புது மாப்பிள்ளை மாமனாரோடு பார்ப்பதானால் அதைத் தவிர வேறு எதுவானாலும் சரி. அப்படி ஒரு மாப்பிள்ளையைத் திரையில் பார்த்தபிறகு மாமனார் பக்கத்தில் இருப்பவரையும் ஒரு பார்வை பார்ப்பார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. பேத்தி ஒருத்தி, முதிய தாத்தா, கொஞ்சம் நிலம், கொஞ்சம் கடன், சிமென்ட் திருடும் காண்டிராக்டர், கையெழுத்துக்குக் காசு கேட்கும் அலுவலகம். விமர்சகர்கள் இதை யதார்த்தப் படம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் தாராளமாகப் பார்க்கலாம். கடன் வாங்கி, அஸ்திவாரம் தோண்டி, பிளான் அப்ரூவலுக்குக் காத்திருப்பவர்கள் ராத்திரியில் தனியாகப் பார்க்க வேண்டாம்.