பொருள்: சம்ப்புக்கு அப்பால் உள்ள ஈயம் தொடர்பாக

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
சென்னைக் குடிநீர் வாரியம், சிந்தாதிரிப்பேட்டை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

குளோரின் சோதனையில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு மயிலாப்பூர்ப் பெற்றோர் சார்பில் முதலில் நன்றி. சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகிறது, எங்கள் மனம் குளிர்கிறது. ஈயத்துக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. நிறம், மணம், ருசி எதையும் காட்டாது. காய்ச்சினாலும் போகாது.

ஆனால் சட்டம் தெரிந்த உலோகம். செம்பரம்பாக்கத்திலோ நெம்மேலியிலோ அது பெரும்பாலும் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்து சம்ப்பைத் தாண்டி, பழைய பித்தளைக் குழாய், பற்றவைத்த மூட்டு, ஈயம் சேர்த்த பிவிசி பைப் என்று தங்கள் பொறுப்பு முடிகிற இடம் பார்த்துத்தான் தண்ணீரில் இறங்குகிறது. சனி, ஞாயிறு குழாயிலேயே ஊறிவிட்டு, திங்கட்கிழமை முதல் டம்ளரில் வருகிறது. பிவிசி குழாயில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல்தான் விதி போட்டது. அதற்கு முன்பு பதித்த குழாய்கள் அரசிதழைப் படித்துவிட்டுத் தாமாகவே கழன்றுகொள்ளும் என நம்புகிறோம்.

ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது, தளர்வும் கிடையாது. 2015 ஜூனில் ஈயம் கூடுதல் என்று மேகி நூடுல்ஸுக்குத் தமிழக அரசு மூன்று மாதத் தடை போட்டது. அதை வேகவைக்கிற தண்ணீரைப் பற்றிப் பேச்சில்லை. (எங்கள் தெரு மாமிகள் ரசத்துக்கு வெள்ளீயச் சொம்பு வாங்கும்போதுகூடக் காரீயம் கலந்திருக்கிறதா என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.)

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னைப் பள்ளிகளில் படித்த 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரின் ரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் இன்று 3.5-க்கே கவலைப்படுகிறார்கள். அது தண்ணீரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல், பெயின்ட், மண் என வழிகள் பல. ஆனால் குழந்தையின் கையில் ஊசி குத்துவதைவிடக் குழாயடியில் பாட்டில் பிடிப்பது சுலபமில்லையா?

2025-இல் பள்ளிகளுக்கு 'வாட்டர் பெல்' வந்தது. மணி அடித்தால் குடிக்க வேண்டும், சரி. சோதனைச் செலவு யாருடையது? பள்ளி, "வாரியத் தண்ணீர்தானே" என்னும். வாரியம், "உங்கள் குழாய்தானே" என்னும். கல்வித்துறை, "மணி அடித்தோமே" என்னும். கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று வசூலாகும். கலிஃபோர்னியாவில் 2017-இல் சட்டமே போட்டு, அரசுப் பள்ளிகளில் ஈயச் சோதனையைக் குடிநீர் வழங்கும் நிறுவனங்களின் செலவிலேயே செய்ய வைத்தார்கள். சம்ப்புக்கு அப்பால் உள்ள குழாய்க்கும் சேர்த்துத்தான்.

எனவே தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலப் பள்ளிகளில் ஒரு திங்கட்கிழமை, முதல் மணிக்கு முன்பே, குழாயைத் திறந்துவிடாமல் முதல் தண்ணீரைப் பிடிக்க ஆளனுப்புங்கள். முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ரசீதை மட்டும் வாரியத்தின் பெயருக்கே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர் வரியைத் தவறாமல் கட்டும் ஒரு பெற்றோர்